கம்போடியாவை நீரின் வழியே பார்க்க வேண்டும்

கம்போடியாவுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. சியெம் ரீப்பில் இறங்கி அங்கோர் வாட்டில் சூரிய உதயம், பாயோனின் கல்முகங்கள், மரவேர்கள் கவ்விய தா புரோம். பிறகு புனோம் பென்னில் அரண்மனையும் துவோல் ஸ்லெங் சிறைக் காட்சியகமும். நேரம் மிஞ்சினால் தொன்லே சாப் ஏரியில் ஒரு படகுச் சவாரி. ஏரியை இப்படிக் கடைசியில் ஒட்டவைப்பதுதான் பிழை. அந்த நாட்டின் மலை, கோயில், தலைநகர் எல்லாவற்றையும் பிணைப்பது நீர். அதை விட்டுவிட்டுப் பார்ப்பவருக்கு அங்கோர் காட்டுக்குள் நிற்கும் அழகிய கற்கட்டடங்களாக மட்டுமே தெரியும். அங்கே ஒரு மாநகரம் எப்படிச் சோறு உண்டது என்பது தெரியாமலே போகும்.

ஏரியிலிருந்தே தொடங்கலாம். பருவமழையால் மேக்கோங் ஆற்றில் வெள்ளம் ஏறும்போது, புனோம் பென் அருகே அதில் கலக்கும் தொன்லே சாப் ஆறு திசை மாறுகிறது. தெற்கே ஓடிக்கொண்டிருந்த ஆறு வடமேற்கே திரும்பி ஏரிக்குள் பாய்கிறது. வறண்ட மாதங்களில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கி, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஏரி, மழைக்கால முடிவில் 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து கரையோரக் காடுகளை மூழ்கடிக்கும். மீன்கள் அந்த வெள்ளக்காட்டில் மேய்ந்துதான் பெருகுகின்றன. வெள்ளம் வடியத் தொடங்கியதும் ஆறு மீண்டும் தெற்கே திரும்பும். நவம்பர் முழுநிலவையொட்டிப் புனோம் பென்னில் படகுப் போட்டிகளோடு நடக்கும் நீர்த் திருவிழா இந்தத் திருப்பத்தின் கொண்டாட்டம். பாயோன் சுவர்களில் போர்க் காட்சிகளுக்கு இணையாக மீனும் மீனவரும் சந்தையும் செதுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த நீர்க்கதையின் மறுமுனை குலென் மலை. 802இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டதாகச் சொல்லப்படும் இடம் அது. அங்கோர் சமவெளிக்கு நீர் இறங்குவதும், கோயில்களின் மணற்கல் வந்ததும் அங்கிருந்துதான். அம்மலைத் தொடரின் க்பால் ஸ்பீயனில் ஓடும் ஆற்றின் பாறைப் படுகை நெடுக லிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே வயலுக்குப் போகும் நீர் அவற்றைத் தழுவிக்கொண்டு போகிறது. சமவெளியில் அந்நீரைக் கால்வாய்களால் திருப்பி, பாராய் எனப்படும் ஏரிகளில் தேக்கினார்கள். 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமும் கொண்ட மேற்குப் பாராயில் இன்றும் நீர் நிற்கிறது. அதன் நடுத்திட்டுக் கோயிலில் 1936இல் கிடைத்தது, பள்ளிகொண்ட விஷ்ணுவின் மாபெரும் வெண்கலச் சிலையின் பகுதி. பாற்கடலில் துயில்பவனை ஏரி நடுவே வைத்த மனத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதைச் சாக்காக வைத்து அங்கோரை நம்மவர் கட்டியதாகப் பேசுவது, அந்த நிலத்தையும் வெள்ளத்தையும் அறிந்து கட்டிய கெமெர் மக்களுக்குச் செய்யும் அநீதி.

பாராய்கள் வழிபாட்டுக்காக வெட்டப்பட்டவை, பாசனத்துக்கு அல்ல என்ற வாதமும் உண்டு. அங்கோரை நீர் நகரம் என்று விளக்கிய பிரெஞ்சு அறிஞர் குரோலியேவின் கருத்தை 1980களில் சிலர் கடுமையாக மறுத்தார்கள். ஆனால் 2007இல் வெளியான விரிவான வரைபடமும், 2012இல் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி எடுத்த அளவீடும் மடைகள், கரைகள், கால்வாய்கள் கொண்ட வலையமைப்பு பெருநிலப்பரப்பில் பரந்து கிடந்ததைக் காட்டிவிட்டன. வழிபாடும் வேளாண்மையும் ஒன்றையொன்று விலக்கவேண்டும் என்பது நம் காலத்துப் பாகுபாடு. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சியும் இடையிடையே கடும் மழையும் வந்ததாக மரவளையங்கள் சொல்கின்றன; அந்த மாற்றங்கள் இந்த அமைப்பைச் சிதைத்ததாகக் கருதப்படுகிறது. நகரம் வலுவிழந்ததில் படையெடுப்புகளுக்கு நிகரான பங்கு இதற்கும் இருந்திருக்க வேண்டும்.

இந்த நீரைப் பார்க்க மழைக்காலமே ஏற்றது. அப்போது போனால் சேறும் தடங்கலும்தானே என்று கேட்கலாம். பெரும்பாலான நாட்களில் மழை பிற்பகலில் பெய்து ஓய்கிறது. அகழிகள் நிரம்பி நிற்பதும், ஏரி காட்டுக்குள் ஏறியிருப்பதும் அப்போதுதான். உலர்ந்த பிப்ரவரியில் படகு சேற்றுக் கால்வாயில் ஊர்ந்துதான் ஏரியை எட்டும். இன்னும் கனமான மறுப்பு, ஏரியோரக் கிராமங்களில் வறுமையை வேடிக்கை பார்க்கிறோம் என்பது. அது உண்மையான கவலை. மிதக்கும் வீடுகளை வரிசையாகப் படம் எடுத்துத் திரும்பும் அவசரச் சுற்றுலாவைத் தவிர்த்து, ஊர்க்காரரே நடத்தும் படகில், நீர்ப்பறவைகள் கூடுகட்டும் பிரெக் தோல் போன்ற காப்பகங்களுக்குப் போவது நல்லது.

பயணிகள் அறிந்திருக்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. அங்கோர் வாட்டின் அத்தனை கல்லும் மணல் அடித்தளத்தின் மீது நிற்கிறது; மணல் ஈரமாக இருக்கும்வரைதான் அது உறுதி. சியெம் ரீப் விடுதிகள் நிலத்தடி நீரை உறிஞ்சுவது பற்றி வல்லுநர்கள் நெடுங்காலமாக எச்சரிக்கிறார்கள். நன்மையும் நடந்திருக்கிறது: வறண்டு கிடந்த வடக்குப் பாராய்க்குப் பழைய வரத்துக் கால்வாய்களைச் சீரமைத்து மீண்டும் நீர் கொண்டுவந்தார்கள். ஏரியின் நிலைதான் அச்சம் தருகிறது. 2019, 2020 இரண்டு ஆண்டுகளிலும் ஆறு தாமதமாகத் திரும்பி, குறைவான நீரையே ஏரிக்குக் கொண்டுவந்தது. வறட்சியோடு மேக்கோங்கின் மேற்பகுதி அணைகளையும் அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்த அணைகளில் நீர் எப்போது திறக்கப்பட வேண்டும் என்ற முடிவு கம்போடியாவின் கையில் இல்லை.