கவுண்டர்சங்க் திருகாணிகளுக்குத் துளை அளவிடும் முறை

கதவுக் கீலில் பொருத்தப்பட்ட திருகாணிகளின் தலைகள் தகட்டின் மேற்பரப்போடு ஒன்றி அமைந்திருத்தல் யாவரும் அறிந்ததே. ஒரு தலையேனும் புடைத்து நிற்குமாயின் கீலின் இரு இலைகளும் பொருந்தா. கதவும் முற்றும் சாத்தாது. இங்ஙனம் தலை கூம்பு வடிவாக அமைந்து, கூம்புக் குழியில் அமரும் திருகாணி கவுண்டர்சங்க் திருகாணி எனப்படும்.

பட்டறையில் குழியைச் சிறிது சிறிதாக வெட்டி, திருகாணியை வைத்துப் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ள இயலும். கணிப்பொறியில் கேட் மென்பொருள் கொண்டு வரையும்போதோ அளவு முன்னரே உறுதியாகிவிடுகிறது. அங்கு நேரும் பிழை, அவ்வரைபடத்தின்படி செய்யப்படும் தகடுகள் அனைத்திலும் பதிந்துவிடும்.

வாய் விட்டம்

தண்டு செல்லும் துளையின் விட்டம், குழியின் வாய் விட்டம், கூம்பின் கோணம் ஆகிய மூன்றும் மென்பொருளுக்குத் தரவேண்டிய அளவுகளாகும். இவற்றுள் பெரிதும் பிழை நேர்வது வாய் விட்டத்திலேயே.

தலையில் நேர்வெட்டுடைய எம் 5 திருகாணியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் தலையின் மெய்விட்டம் 9.3 மி.மீ.க்கு மிகாது. ஆனால் கூம்பின் சாய்பக்கங்களைத் தலையின் மேல்மட்டம் வரை நீட்டிக் கணக்கிட்டால் விட்டம் 10.4 மி.மீ. ஆகிறது. கூரிய விளிம்பு எளிதில் சிதையுமாதலின், அது நீக்கப்பட்டுச் சிறு நேர்ச்சுவராக அமைக்கப்படுகிறது. இவ்விரு விட்டங்களும் வேறுபடுவதன் காரணம் இதுவே.

தலையை வெர்னியர் காலிப்பரால் அளந்து, 9.3 என்ற அளவையே வாய் விட்டமாக இட்டால் விளைவு யாது? கூம்பின் கோணம் 90 பாகை. ஆதலின் விட்ட வேறுபாட்டில் பாதியளவு, அதாவது 0.55 மி.மீ., தலை மேலே புடைத்து நிற்கும். ஐ.எஸ்.ஓ. 15065 தர அளவு வாய் விட்டத்தை 10.4 முதல் 10.65 மி.மீ. வரையும், தண்டுத் துளையை 5.5 மி.மீ. என்றும் வகுத்துள்ளது. 10.65 மி.மீ. வாயில் தலை ஏறத்தாழ 0.12 மி.மீ. தாழ்ந்து அமரும், இது குற்றமன்று.

எம் 5 என்று மட்டும் குறித்தலும் போதாது. அறுகோணக் குழியுடைய, ஐ.எஸ்.ஓ. 10642 வகையைச் சேர்ந்த எம் 5 திருகாணிக்குக் கணக்கிட்ட தலை விட்டம் 11.2 மி.மீ. ஆகும். எனவே திருகாணியின் வகையை முதலில் தெரிவு செய்தல் இன்றியமையாதது.

கோணமும் தடிப்பும்

மெட்ரிக் திருகாணிகளின் கூம்பு 90 பாகை. அமெரிக்க அங்குல அளவுத் திருகாணிகளில் பொதுவாக 82 பாகை. மென்பொருளில் அங்குலத் தர அளவு தெரிவாகியிருப்பின் குழி 82 பாகையாக அமையும். அதில் 90 பாகைத் தலை வாய் விளிம்பில் மட்டுமே தொட்டு நிற்கும். சுமை முழுதும் அம்மெல்லிய வளையத்தின்மீது விழும்.

தகட்டின் தடிப்பும் கருதற்பாலது. மேற்கூறிய 10.4 மி.மீ. குழி, 5.5 மி.மீ. துளையை அடைய 2.45 மி.மீ. ஆழம் செல்லும். தகடு 3 மி.மீ. ஆயின் 0.55 மி.மீ. நேர்த்துளை எஞ்சும். தகடு 2 மி.மீ. மட்டுமே ஆயின் கூம்பு தகட்டை ஊடுருவிவிடும். அடிவிளிம்பு கத்திமுனைபோல் கூராகும். திருகாணித் தலையின் அடிப்பாகமும் கீழுள்ள பொருளைச் சென்று முட்டும். திருகாணி இறுகியும் தகடு இறுகாது.

வரைபடத்தை அனுப்புமுன், திருகாணியின் வடிவத்தையும் மென்பொருளில் பொருத்தி, துளையின் நடுவே வெட்டுத்தோற்றம் கண்டால் இப்பிழைகள் யாவும் புலப்படும். கழிவுத் தகடொன்றில் ஒரு துளையிட்டு, தலையின்மீது நேர்விளிம்புக் கோலை வைத்து மாணவர்களுக்குக் காட்டுதல் ஆசிரியர்க்கு எளிது. கோல் தடையின்றி நகருமாயின் அளவு சரியே.