சுமை இறங்கிய பின்னும் நீளும் வழி

சோதனைக் காலத்தில் விசுவாசம் மனிதனுக்கு எதைத் தருகிறது? இலக்கியத்திலும் இதற்கு விடையுண்டு.

அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கிலாந்தின் பெட்போர்ட் சிறையில் வாடியவர் ஜோன் பனியன். அவரது 'மோட்சப் பிரயாணம்' 1678இல் வெளிவந்தது. வைணவக் குடும்பத்திற் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவிப் பாடிய காவியமே, 1894இல் வெளியான 'இரட்சணிய யாத்திரிகம்'.

பனியனின் கதையில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் விழுந்துவிடுகிறது. ஆயினும் வழி அங்கே முடிவதில்லை. மரணநிழலின் பள்ளத்தாக்கும் சந்தேகக் கோட்டையும் அதன் பின்னரே வருகின்றன. அக்கோட்டைச் சிறையில், துணைவனோடு விடியும் வேளைவரை செபித்த பின்னர்தான், தன் மார்பிலேயே திறவுகோல் இருப்பது பயணிக்கு நினைவு வருகிறது. அதன் பெயர் வாக்குத்தத்தம்.

விசுவாசம் துன்பத்தை விலக்கும் மந்திரமன்று. துன்பத்தினூடே நடப்பதற்கான பலம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மூட்டைகளோடு தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பெயர்ந்து வந்தோரை அறிந்த கரவெட்டி வாசகருக்கு, அந்த வழியை விளக்கவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவிற்கொள்வோம்: பயணி திறவுகோலைக் கண்டது தனிமையில் அன்று, துணையோடு செபிக்கையில்.