முகவரி ஆளோடு வந்த கதை

1995 டிசம்பர். கலிபோர்னியாவில் வேலை முடிந்து காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஜாக் ஸ்மித், சக ஊழியர் சபீர் பாட்டியாவை செல்போனில் அழைத்து ஒரு யோசனையைச் சொன்னார். சபீருக்குப் பதற்றம். யாராவது ஒட்டுக்கேட்டுவிடக் கூடாதே என்று, உடனே போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் லேண்ட்லைனில் பேசச் சொன்னார்.

அவ்வளவு பொத்திப் பாதுகாத்த யோசனை இதுதான்: மெயிலை பிரவுசரிலேயே படித்தால் என்ன?

இருவருக்கும் அலுவலகத்தில் ஒரு சங்கடம் இருந்தது. ஆபீஸ் மெயிலில் சொந்தச் சங்கதி பேசினால் முதலாளி பார்த்துவிடலாம். வெளி மெயிலைத் திறக்கவோ ஃபயர்வால் விடாது. பிரவுசருக்கு மட்டும் வாசல் திறந்திருந்தது. அந்த வாசல் வழியே பிறந்ததுதான் ஹாட்மெயில். அமெரிக்க சுதந்திர தினமான 1996 ஜூலை 4 அன்று அது அறிமுகமானது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 40 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிவிட்டது.

அதுவரை மெயில் என்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கம்ப்யூட்டரோடு கட்டிப்போட்ட விஷயம். அதில் உள்ள மென்பொருள், சர்வரிலிருந்து கடிதங்களை இறக்கிக்கொள்ளும். இறக்கியதும் சர்வரில் பிரதி இருக்காது என்பதே வழக்கம். ஹார்டு டிஸ்க் போனால் கடிதங்களும் போச்சு. வேலை மாறினால் முகவரியும் மாறும். ஹாட்மெயில் போல பிரவுசரில் படிக்கும் வெப்மெயிலில் கடிதம் சர்வரிலேயே இருக்கிறது. எந்த ஊரில், யார் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் பெயரும் பாஸ்வேர்டும் போதும்.

இதன் அருமை நம்மூருக்கு நன்றாகத் தெரியும். 1995 ஆகஸ்ட் 15-ல் அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இணையச் சேவையைத் தொடங்கியபோது, சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்திருந்த வீடுகள் எத்தனை? சில ஆண்டுகளில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்தது. பிளைவுட் தடுப்புக்குள், துபாயில் இருக்கும் மகனுக்கு அம்மா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பையன் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவான். கம்ப்யூட்டரே இல்லாத அந்த அம்மாவுக்கும் ஒரு மெயில் ஐடி இருந்தது. அதைத்தான் நான் பெரிய புரட்சி என்பேன்.

ஆனால் பெட்டி சின்னது. ஹாட்மெயில் தந்த இடம் வெறும் 2 எம்.பி. பேரனின் போட்டோ வர வேண்டுமென்றால் பழைய கடிதங்களை அழிக்க வேண்டும். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜி.பி. தருவதாக அறிவித்தபோது, முட்டாள்கள் தின விளையாட்டு என்றே பலர் நினைத்தார்கள். அது 500 மடங்கு இடம்! அதற்குப் பிறகு நாம் எதையும் அழிப்பதில்லை. வேலை ஆர்டர், வங்கிக் கணக்கு, இறந்துபோன அப்பாவின் கடைசிக் கடிதம் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

ஆனால், அது வாடகை வீடு என்பதை மறந்துவிடுகிறோம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023-ல் கூகுள் விதியை மாற்றியது. பழைய மொபைல் நம்பரையே ரெகவரிக்குக் கொடுத்துவைத்து, பாஸ்வேர்டையும் மறந்தவர்கள் சொந்தக் கடிதங்களுக்கே அந்நியராகிறார்கள்.

பிரவுசிங் சென்டரில் எழுந்திருக்கும்போதெல்லாம் கல்லாவிலிருந்து ஒரு குரல் வரும்: "அக்கா, லாக் அவுட் பண்ணிட்டீங்களா?" எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் பெட்டியை, திறந்தபடி விட்டுப் போகாமலிருப்பது நம் பொறுப்பு என்று அந்தத் தம்பி அன்றே சொல்லிக்கொடுத்தார். இன்று கேட்க ஆளில்லை. நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்: ரெகவரி நம்பர் இப்போது கையில் இருக்கும் நம்பர்தானா?