படுக்கிற இடத்தில் பாட்டரிக்கு சார்ஜ் போடாதீர்கள்



"ஏங்க, வண்டியை வெளியில நிறுத்தி சார்ஜ் போடக் கூடாதா?" என்பாள் மனைவி. "களவு போயிடும் புள்ள. விடியக்காலம் சந்தைக்குப் போகணும், உள்ளேயே கெடக்கட்டும்" என்பார் கணவர். பல வீட்டில் நடக்கிற பேச்சுதான். 2022 மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள்.

செல்போனிலும் மின்சார வண்டியிலும் இருப்பது லித்தியம் அயான் பாட்டரி. டார்ச் லைட்டில் போடும் கட்டை மாதிரி அல்ல இது. உள்ளே எளிதில் தீப்பற்றும் திரவம் உண்டு. கீழே விழுந்து நசுங்கினாலோ, பொருந்தாத சார்ஜர் போட்டாலோ உள்ளே சூடு கிளம்பும். அந்தச் சூடு மேலும் சூட்டை வளர்க்கும். வண்டிப் பாட்டரியில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் ஒன்று பற்றினால் அடுத்ததும் பற்றும். அதிலிருந்து வரும் புகை விஷப் புகை.

ஆகவே ராத்திரி தூங்கும்போது சார்ஜ் வேண்டாம். களவுக்குப் பயமென்றால் பகலில் கண் பார்வையில் போடுங்கள். வாசற்படியை அடைத்து வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும்போது வெளியேற வழி இருக்காது. வைக்கோல் போர் பக்கமும் கூடாது. வெயிலில் ஓட்டிவந்த வண்டியை ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரே நல்லது. மலிவு சார்ஜரில் மிச்சமாகும் காசு பெரிதல்ல. செல்போனைத் தலையணைக்கு அடியிலோ, பிள்ளை படுக்கும் பாயிலோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். உப்பிப்போன பாட்டரியைக் குத்தவோ, பிள்ளைகள் கல்லால் தட்டி விளையாடவோ விடாதீர்கள்.

பாட்டரியிலிருந்து 'உஸ்' என்று சத்தமோ புகையோ வந்தால் சாமானை எடுக்க நிற்காமல் எல்லோரும் வெளியேறுங்கள். தீயணைப்புக்கு 101. அணைந்த பாட்டரி மறுபடியும் பற்றும், அதைத் தொடாதீர்கள்.

தீக்காயத்தில் இங்க், பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். பாட்டி சொன்னாலும் வேண்டாம். 20 நிமிடம் குளிர்ந்த சுத்தமான தண்ணீரைக் காயத்தின்மேல் விடுங்கள். வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். ஒட்டிப்போன துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; வண்டி வேண்டுமானால் 108. புகை குடித்தவர் "எனக்கு ஒண்ணுமில்லே" என்று சொன்னாலும் அவரையும் கூட்டிப்போங்கள். மூச்சுக்கோளாறு சில மணி நேரம் கழித்தும் வரும்.