மெய்ந்நிகர்க்காட்சி மருத்துவம்

கணினி வரைந்த காட்சியைக் கண்ணருகே திரையிட்டு, தலை திரும்புந்தோறும் அக்காட்சியையும் உடனுக்குடன் திருப்பி, காண்பவர் அவ்விடத்திலேயே நிற்பதாக உணரச்செய்யும் அமைப்பை மெய்ந்நிகர்க்காட்சி என்போம். அதன் உயிர்நிலை அவ்விடவுணர்வு. காண்பது வெறும் வரைவே என்று அறிவு தெளிந்திருந்தும் உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு விரைந்து துடிக்கிறது, கால் பின்வாங்குகிறது. அறிவைக் கேளாமல் உடல் தரும் இம்மறுமொழியே இக்கருவியை மருத்துவத்திற்கு உரியதாக்கிற்று.

அச்சந்தணித்தல், அறிதிறன் அளத்தல், இழந்த இயக்கத்தை மீட்டல் என அம்மருத்துவம் விரியும். அஞ்சுவதை விட்டு விலகியே வாழ்பவரின் உடல், தீங்கு நேராது என்பதைக் கற்க இடமே இல்லை. ஆகவே அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வதே அச்சந்தணித்தலின் நெறி. 1995இல் அமெரிக்காவில் பார்பரா ராத்பாமும் உடன் ஆய்ந்தோரும், உயரத்துக்கு அஞ்சுவோரை மெய்ந்நிகர்ப் பாலங்களிலும் மாடங்களிலும் கண்ணாடி மின்தூக்கியிலும் நிறுத்தி, அச்சம் குறைவதைக் காட்டினர். அறிதிறன் அளத்தலுக்கென ஆல்பர்ட் ரிசோ அமைத்த மெய்ந்நிகர் வகுப்பறையில், கரும்பலகை எழுத்துகளை நோக்கியிருக்கும் குழந்தையின் தலை, இடையூறு எழும்போது எப்பக்கம் திரும்புகிறது என்பதும் அளக்கப்படுகிறது. அதனைத் தமிழ்க் குழந்தைக்குக் கொணர எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது. நம் குழந்தைகளையே அளந்து பெற்ற ஒப்பளவும் வேண்டும்.

இயக்க மீட்பில் தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்க பங்கு ஒன்று உண்டு. சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற விளையனூர் இராமச்சந்திரன், நீக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாக உணரும் நிழற்கை வலியை ஆராய்ந்தார். பெட்டியில் நிமிர்த்திய கண்ணாடியின் ஒருபுறம் நலமான கையை வைத்தால், அதன் எதிருரு இழந்த கையின் இடத்தில் தோன்றும். நலமான கையை விரிக்க, இறுகிக் கிடந்த நிழற்கையும் விரிவதாகச் சிலர் உணர்ந்தனர், வலியும் தளர்ந்தது. விரியுமாறு மூளை ஏவியும் மறுமொழி வாராத குறையைக் கண் நிறைக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். 1990களின் நடுவே வெளிவந்த அவ்வாய்வில் அதனை மெய்ந்நிகர்ப் பெட்டி என்றே அழைத்தார். கணினி ஏதுமின்றி, வெறும் கண்ணாடியே அப்பணியைச் செய்தது! 1999இல் மூளைத்தாக்கால் தளர்ந்த கைக்கும் அம்முறை ஆய்ந்து பார்க்கப்பட்டது. பொறிகளில் கை நசுங்குவோர்க்கு மருத்துவம் செய்து பெயர்பெற்ற கோவைக்கு இது நெருக்கமான அறிவு.

அச்சந்தணித்தலும் அவ்வாறே நம் மண்ணுக்கு ஏற்ப அமைய வேண்டும். கோவையை அடுத்த தொண்டாமுத்தூர், வெள்ளியங்கிரி மலைப்பக்கத்தில் தென்னையும் பாக்கும் செழிக்கும் ஊர். அங்கு மரத்திலிருந்து விழுந்தெழுந்த பின் ஏறவே நடுங்கும் ஒருவரின் அச்சத்தைக் கண்ணாடி மின்தூக்கி எழுப்பாமல் போகலாம். எழாத அச்சம் தணியவும் தணியாது. அவருக்கு வேண்டியது காற்றில் ஆடும் மட்டையும், கால்களுக்கிடையே கீழே தெரியும் வாய்க்காலும். கைகள் பற்ற மெய்யான தென்னந்துண்டு ஒன்றை முன்னே நிறுத்தினால், தொடுவுணர்வு சேர்ந்து அவ்விடவுணர்வு வலுக்கும். முதலில் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தல், அடுத்து இடுப்பளவு, பின்பு கூரையளவு. தம் அச்சம் பத்துக்கு எத்தனை என்று அவரே சொல்ல, அது இறங்கிய பின்னரே மருத்துவர் மேலே ஏற்ற வேண்டும். காட்சி தலையசைவுக்குப் பிந்தினால் கண்ணும் உட்செவியும் முரண்பட்டுக் குமட்டுமாதலால், அமர்வு சுருக்கமாக இருத்தல் நன்று. இக்காட்சியைக் கோவையின் கணினிக் கல்லூரிகளே வரையலாம். வரைபவர் அருகில் பழகிய மரமேறி ஒருவர் அமர்ந்து, எவ்வுயரத்தில் மரம் ஆடத் தொடங்கும் என்று சொல்லித்தர வேண்டும்.