ஜானி ரமோன் எந்தப் பக்கம்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. பங்க் இசையில் ஊறிய ஒருவர் அரசியலில் பழமைவாதியாக இருக்க முடியுமா? கேட்டவுடன் பலரும் "அதெப்படி?" என்பார்கள். கிழிந்த ஜீன்ஸ், காதைப் பிளக்கும் சத்தம், நாட்டின் ராணியையே வம்புக்கு இழுக்கும் பாட்டு. இதற்கும் தேசம், மதம், குடும்பம், குறைந்த வரி என்று பேசுகிறவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 2002 மார்ச்சில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்ததைக் கேளுங்கள். ரமோன்ஸ் குழுவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கும் விழா அது. தோல் ஜாக்கெட்டோடு மேடையேறிய கிதார் கலைஞர் ஜானி ரமோன் நன்றி சொன்னார். பிறகு, அதிபர் புஷ்ஷையும் அமெரிக்காவையும் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்றார். பங்க் கிதார் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையே உலகத்துக்குக் காட்டிய மனிதர் அவர். அவரைப் பார்த்து "நீ பங்க் இல்லை" என்று யார் சொல்வது?

பங்க் இசை அறிமுகம் இல்லாதவர்களுக்காகச் சற்றுப் பின்னால் போகிறேன். 1974இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற இடத்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். உறவு எதுவும் இல்லாமலே எல்லோரும் ரமோன் என்ற ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அன்றைய ராக் இசையில் பத்து நிமிடம் நீளும் கிதார் வித்தைகளுக்குத்தான் மதிப்பு. ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பணத்தைக் கொட்டுவார்கள். ரமோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தை 1976இல் சுமார் 6,400 டாலரில் முடித்தார்கள். 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடம். கேட்ட பையன்களுக்கும் பெண்களுக்கும் அதில் ஒரு செய்தி இருந்தது. குருகுலம் வேண்டாம், பெரிய கம்பெனியின் தயவு வேண்டாம், மூன்று சுரக்கோர்வை தெரிந்தால் போதும், நாளைக்கே தொடங்கலாம். பங்க் என்பதில் பாதி இதுதான். தானே செய்துகொள்வது, அனுமதிக்குக் காத்திருக்காதது.

இந்தப் பாதியில் ஒரு பழமைவாதி வசதியாகக் குடியிருக்க முடியும். ஜானியே சாட்சி. இயற்பெயர் ஜான் கம்மிங்ஸ். கட்டுமானத் தொழிலாளியின் மகன், தானும் கட்டட வேலைக்குப் போனவர். இசைக்குழுவை அவர் ஒரு வேலையாகவே பார்த்தார். நேரத்துக்கு வர வேண்டும், குடித்துவிட்டு மேடையேறக் கூடாது, கைக்கு வரும் காசைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கச்சேரியையும் அதற்கு வந்த பணத்தையும் நோட்டில் எழுதி வைத்தார். அமெரிக்க வானொலியில் பெரிய வெற்றிப் பாடல் ஒன்றுகூட அமையாத குழு, வேனில் ஊர் ஊராகப் போய் 1996க்குள் 2,263 கச்சேரிகள் நடத்தியது. உழைப்பு, சிக்கனம், யாரிடமும் கை ஏந்தாமை என்று அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்காரர் எதையெல்லாம் தன் சொத்தாகச் சொல்வாரோ, அதையெல்லாம் ஜானி வாழ்ந்து காட்டினார். ஹிப்பிகளை அவருக்குப் பிடிக்காது. தன் காலத்தின் மிகச் சிறந்த அதிபர் ரொனால்ட் ரீகன்தான் என்று கடைசிவரை நம்பினார். டி-ஷர்ட்டுகளில் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ரமோன்ஸ் சின்னம்கூட அமெரிக்க அதிபரின் முத்திரையைப் பார்த்து வரைந்ததுதான். வரைந்தவர் குழுவின் நண்பரான ஓவியர் ஆர்டுரோ வேகா. முத்திரையில் கழுகின் கால்நகங்களில் அம்புகள் இருக்கும். அந்த இடத்தில் ஜானிக்குப் பிடித்த பேஸ்பால் மட்டையை வைத்தார்.

அதே வேனில்தான் ஜோயி ரமோன் உட்கார்ந்திருந்தார். பாடகர், யூதக் குடும்பத்துப் பிள்ளை, அரசியலில் ஜானிக்கு நேர் எதிர். 1985 மே மாதம் அதிபர் ரீகன் மேற்கு ஜெர்மனியின் பிட்பர்க் ராணுவக் கல்லறைக்கு மரியாதை செலுத்தப் போனார். ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் 49 பேர் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள். நாஜி வதைமுகாம்களில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் எவ்வளவோ கெஞ்சியும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை. ஜோயி கொதித்துப்போனார். குழுத்தோழர் டீ டீ ரமோனோடும் இசைக்கலைஞர் ழான் போவாரோடும் சேர்ந்து ஒரு பாட்டு எழுதினார். ரீகன் சினிமா நடிகராக இருந்தபோது போன்ஸோ என்ற சிம்பன்சியோடு நடித்த படம் ஒன்று உண்டு. அந்தப் பெயரை வைத்தே பாட்டுக்கு "போன்ஸோ கோஸ் டு பிட்பர்க்" என்று தலைப்பிட்டார்கள். ஜானிக்கு மனம் ஒப்பவில்லை. அவர் வற்புறுத்தியதால், அடுத்த ஆண்டு வந்த "அனிமல் பாய்" ஆல்பத்தில் தலைப்பு மாறியது. போன்ஸோ அடைப்புக்குறிக்குள் போய்விட்டார். ஆனால் பாட்டு வந்தது, ஜானியின் குழுவின் பெயரிலேயே வந்தது.

எனக்கு இந்தச் சம்பவம் மிக முக்கியமானது. ஜானி பழமைவாதி, அவரைப் பங்க் இல்லை என்று யாரும் தள்ள முடியாது. ஆனாலும் அவருடைய அரசியல் அந்தக் குழுவின் பாட்டாக மாறவில்லை. அதிபருக்கு ஆசி கேட்டது மேடைப் பேச்சில். பாட்டாக நின்றது அதிபரைத் தட்டிக்கேட்டது. ஜானியும் ஜோயியும் பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அதற்கு அரசியல் மட்டும் காரணம் அல்ல, ஜோயி காதலித்த பெண்ணை ஜானி மணந்துகொண்டதும் இடையில் இருந்தது. ஜோயி 2001 ஏப்ரலில் காலமானார், ஜானி 2004 செப்டம்பரில்.

இனி பங்க்கின் மறுபாதிக்கு வருவோம். அது ஒரு நிலைப்பாடு: மேலே உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்பது. இதை நேரடியாக "இடதுசாரி" என்று எழுதிவிடுகிறார்கள், அது சரியல்ல. பிரிட்டனில் பங்க் வெடித்தது 1976, 77இல். கன்சர்வேட்டிவ் கட்சியின் தாட்சர் பிரதமரானது 1979 மே மாதத்தில்தான். ஆக, அந்த முதல் கோபம் முழுக்கத் தொழிற்கட்சி ஆட்சியின் கீழ்தான் கிளம்பியது. கலிஃபோர்னியாவில் டெட் கென்னடீஸ் குழு தன் முதல் இசைத்தட்டில் சாடியது ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜெரி பிரவுனை. ரீகன் அதிபரானதும் அதே மெட்டில் அவர் மீது வேறு வரிகள் போட்டார்கள். நாற்காலியில் இருப்பவர் மாறினார், பாட்டும் மாறியது.

கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். அங்கே ஆட்சியே தன்னைச் சோஷலிசம் என்று அழைத்துக்கொண்டது. பொதுமேடையில் வாசிக்க வேண்டுமானால் ஒரு குழு அரசுக் கமிட்டி முன் வாசித்துக்காட்டி உரிமம் வாங்க வேண்டும். பங்க் இளைஞர்கள் அந்த வாசலுக்கே போகவில்லை. ரகசியப் போலீசான ஸ்டாசி அவர்களைப் பின்தொடர்ந்தது, குழுக்களுக்குள்ளேயே உளவாளிகளை வைத்தது, 1983இல் கடும் நடவடிக்கையில் இறங்கியது. கிழக்கு பெர்லினின் நாமென்லோஸ் குழுவினர் பாடிய பாட்டுக்காகவே சிறைக்குப் போனார்கள். அவர்கள் வாசிக்க இடம் கொடுத்தது யார் தெரியுமா? புராட்டஸ்டன்ட் தேவாலயங்கள். ஹாலே நகரின் கிறிஸ்டஸ் தேவாலயத்தில் 1983இல் பங்க் விழாவே நடந்தது. அரசின் கை முழுதாக எட்டாத இடம் அந்த நாட்டில் திருச்சபை மட்டும்தான். இடம் கொடுத்த பாதிரியார்கள் எல்லோரும் பழமைவாதிகள் என்று நான் சொல்லவில்லை, பலர் அப்படி இல்லை. ஆனால் நானூறு ஆண்டுக்கு மேல் பழமையான ஒரு சபையும், தலைமுடியைச் சீப்புபோல நிறுத்திக்கொண்ட பதினெட்டு வயதுப் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் ஒரே எதிரியிடமிருந்து தப்பி நின்றார்கள். பழமையும் பங்க்கும் சேரவே சேராது என்பவர்களுக்கு இதைவிட வலுவான பதில் எனக்குத் தெரியாது.

அதையே திருப்பிப் போட்டால் மாஸ்கோ. அங்கே திருச்சபை ஆட்சியோடு கைகோத்து நின்றது. 2012 பிப்ரவரியில் புஸ்ஸி ரயட் குழுவின் பெண்கள் மீட்பர் கிறிஸ்து பேராலயத்துக்குள் போய், புதினுக்கு எதிராக ஒரு நிமிடம்கூட முழுதாகப் பாடவில்லை. அதற்கே மூவருக்கு இரண்டாண்டு சிறைத்தண்டனை. மேல்முறையீட்டில் ஒருவர் வெளியே வந்தார். 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேவில், அனாதைக் குழந்தைகளுக்கு நிதி திரட்டக் கச்சேரி நடத்திய இடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களை ஷரியத் ஆட்சி நடக்கும் அந்த மாகாணத்தின் போலீஸ் பிடித்துப்போய்த் தலையை மழித்தது. மதத்தை அரசாங்கம் தன் கைத்தடியாக்கிக்கொண்ட இடங்களில் பங்க் பழமைவாதத்தோடு ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போக வழியும் இல்லை.

இடையில் வாஷிங்டனையும் தொட்டுவிடலாம். மைனர் த்ரெட் குழுவின் இயன் மக்கே 1981இல் ஒரு பாட்டில் குடியும் போதையும் தனக்கு வேண்டாம் என்றார். அதிலிருந்து "ஸ்ட்ரெய்ட் எட்ஜ்" என்று ஒரு வழியே கிளம்பியது. எந்தத் தாத்தா பாட்டியும் மெச்சும் ஒழுக்கம் அது. மக்கேயின் அரசியல் பழமைவாதம் அல்ல. ஆனாலும் பழைய ஒழுக்கங்களுக்கு இந்த இசையில் இடம் இருந்தது.

இனி கசப்பான பகுதி. தொடக்கத்தில் லண்டன் பங்க் இளைஞர்களில் சிலர் பெரியவர்களை அதிரவைக்க மட்டுமே ஸ்வஸ்திகா அணிந்தார்கள். அர்த்தம் இல்லை, விளையாட்டு என்றார்கள். ஹிட்லரின் குறியோடு யாரும் விளையாட முடியாது. நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி, வேலையில்லாத வெள்ளை இளைஞர்களை இந்தக் கூட்டத்திலிருந்தே சேர்க்கத் தொடங்கியது. லங்காஷயரில் சாதாரணப் பங்க் குழுவாகத் தொடங்கிய ஸ்க்ரூடிரைவர், எண்பதுகளில் வெளிப்படையான நாஜிக் குழுவானது.

எதிர்த்து நின்றவர்களும் அதே இசைக்காரர்கள்தான். 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசியதைக் கேட்டுப் பொறுக்காமல் எழுந்தது "ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்" இயக்கம். 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவரை பெருங்கூட்டம் ஊர்வலமாக நடந்தது. அங்கே பங்க் குழுக்களான க்ளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், ரெகே குழுவான ஸ்டீல் பல்ஸ் எல்லாம் ஒரே மேடையில் வாசித்தார்கள். நான்கு நாள் கழித்து, மே 4 மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த வங்காளத் தையல் தொழிலாளி அல்தாப் அலி அதே கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பலில் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். எந்த ஆபத்தை எதிர்த்து அந்தக் கச்சேரி நடந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பழமைவாதி ஒவ்வொருவரையும் நாஜி என்று சொல்லுவது அநியாயம், ஜானியை அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் கீழே கிடப்பவனை மிதிக்கும் பாட்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும், எத்தனை கிழிந்த ஜீன்ஸ் போட்டு வந்தாலும் அது பங்க் இல்லை.

கடைசியாக, இப்போது அதிகம் கேட்கும் ஒரு வாதம்: "இன்று பழமைவாதம்தான் புதிய பங்க், பல்கலைக்கழகமும் பத்திரிகையும் இடதுசாரிகள் கையில், எதிர்க்குரல் வலதுசாரியிடம்தான்." பிரிட்டிஷ் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் பாடகர் ஜான் லைடனை இதற்குச் சாட்சியாக அழைப்பார்கள். 2020இல் அவர் டிரம்ப்பை ஆதரித்தார், டிரம்ப் வழக்கமான அரசியல்வாதி இல்லை என்பது லைடனின் எண்ணம். ஐரிஷ் குடியேறிகளின் மகனான லைடனுக்கு அப்படி நினைக்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் 1977இல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ராணியின் வெள்ளிவிழா ஆண்டில் வந்த அவருடைய பாட்டை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது, கடைகள் விற்க மறுத்தன, வெளிவந்த சில வாரங்களில் தெருவில் அவரைக் கத்தியால் தாக்கினார்கள். 2020இல் அவர் ஆதரித்தது வெள்ளை மாளிகையில் உட்கார்ந்திருந்த ஓர் அதிபரை. பேராசிரியரோடு முரண்படுவதற்கும் அதிபரின் பக்கம் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கையில் ராணுவமும் நீதிமன்ற நியமனமும் வைத்திருப்பவரின் பக்கம் நிற்பது ஒரு குடிமகனின் தேர்வு, அதைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்ப்பு என்று மட்டும் அழைக்க மாட்டேன்.

ஆக, என் பதில் இது. பழமைவாதி பங்க் கலைஞராக இருக்கலாம், ஜானி இருந்தார், நன்றாகவே இருந்தார். அரசாங்கத்தின் பாட்டாக மட்டும் பங்க் இருக்க முடியாது, அந்த அரசாங்கம் வலதாக இருந்தாலும் இடதாக இருந்தாலும். இதை என் வார்த்தைக்காக ஏற்க வேண்டாம். ரமோன்ஸின் முதல் ஆல்பத்தைக் கேளுங்கள், 29 நிமிடம்தான். கையோடு, ஜானி தலைப்பை மாற்றவைத்த அந்தப் போன்ஸோ பாட்டையும் கேளுங்கள்.