பால் திரிஞ்சுது, இன்சுலின் உறைஞ்சுது: கீழ் ஃப்ரீசர் ஃப்ரிட்ஜைப் புரிஞ்சுக்கலாம் வாங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஃப்ரிட்ஜைப் பத்திப் பேசப் போறோம். "இதுல பேச என்ன இருக்கு, பிளக்கைச் சொருகினா ஓடப் போகுது"ன்னு நினைச்சீங்கன்னா, போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்க அம்மாவுக்குப் பல வருஷமா சுகர். காலையில வெறும் வயித்துல பார்த்தா வழக்கமா 130, 140 வரும். போன ஏப்ரல்ல திடீர்னு 240, 260னு ஏற ஆரம்பிச்சுது. சாப்பாடு மாறல, நடை மாறல, ஊசி ஒரு வேளை கூட விடல. ஒரு வாரம் பார்த்துட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவங்க கேட்ட முதல் கேள்வி: "இன்சுலின எங்க வைக்கிறீங்கம்மா?"

"ஃப்ரிட்ஜ்லதான் டாக்டர்."

"ஃப்ரிட்ஜ்ல எங்க?"

அந்த ரெண்டாவது கேள்விக்கு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சரியான பதில் இல்ல. வீட்டுக்கு வந்து பார்த்தேன். மேல் தட்டுல, பின்சுவரை ஒட்டி, இட்லி மாவு பாத்திரத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. புதுசா வாங்கி வச்சிருந்த பாட்டிலை அட்டைப் பெட்டியில இருந்து எடுத்தா, உள்ள ஐஸ்.

ஃப்ரீசர் கீழே இருக்கு. இன்சுலின் மேல் தட்டுல இருக்கு. அப்புறம் எப்படி உறைஞ்சுது? இந்த எபிசோடே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

குளிர் எங்க இருந்து வருது?

முதல்ல ஒரு விஷயம். ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குறது இல்ல. உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுது, அவ்வளவுதான். ஊசி போடுறதுக்கு முன்னாடி நர்ஸ் பஞ்சுல ஸ்பிரிட் தடவுவாங்கல்ல, அப்போ தோல் சில்லுனு ஆகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது நம்ம தோல்ல இருந்து சூட்டை எடுத்துக்கிட்டுப் போகுது. ஃப்ரிட்ஜ் குழாய்க்குள்ள இருக்கிற கேஸும் இதையேதான் செய்யுது. உள்பக்கக் குழாய்ல திரவம் ஆவியாகி சூட்டை உறிஞ்சும். கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்பக்கக் குழாய்க்கு அனுப்பும். அங்க சூட்டை விட்டுட்டு அது மறுபடியும் திரவமாகும். இது சுத்திக்கிட்டே இருக்கும்.

அதனாலதான் ஃப்ரிட்ஜோட பின்பக்கமோ பக்கவாட்டுச் சுவரோ சூடா இருக்கு. புது மாடல்கள்ல நிறைய அந்தக் குழாயைப் பக்கச் சுவருக்குள்ளயே மறைச்சு வச்சிருப்பாங்க. தொட்டா சுடுதுன்னு பயப்பட வேண்டாம், அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆனா அந்தச் சூடு வெளியேற இடம் வேணும். வாடகை வீட்டு சமையலறையில ஃப்ரிட்ஜைச் சுவரோட ஒட்டித் தள்ளிட்டு, மேல அட்டைப் பெட்டிகளை அடுக்கி வச்சிருப்போம். கையேட்டுல எவ்வளவு இடைவெளி சொல்லியிருக்காங்களோ அதை விட்டே ஆகணும்.

மேல் ஃப்ரீசர், கீழ் ஃப்ரீசர்: என்ன வித்தியாசம்?

அம்மா 20 வருஷத்துக்கு மேல வச்சிருந்தது பழைய ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ். ஃப்ரீசர் மேலே ஒரு சின்னப் பெட்டி. குளிர்ந்த காற்று கனமானது, தானா கீழே இறங்கும். ஃபேன் கிடையாது, ஓட்டை கிடையாது. அதனால காற்று ஓட்டையை மறைச்சிடுவோமேங்கிற பிரச்சனை இல்ல.

புதுசா வாங்கினது கீழே ஃப்ரீசர் இருக்கிற மாடல். இதுல ஒரு பெரிய வசதி இருக்கு. நாம ஒரு நாளைக்குப் பல தடவை திறக்கிறது காய்கறி, பால், தண்ணி இருக்கிற பகுதியைத்தான். அது கண்ணுக்கு நேரா இருக்கும், அம்மா மாதிரி முட்டி வலி இருக்கிறவங்க குனிய வேண்டாம். ஃப்ரீசர்ல ட்ராயர்கள் இருக்கிறதால கதவைத் திறந்தாலும் குளிர்காற்று மொத்தமா கீழே கொட்டிடாது.

ஆனா ஒரு சிக்கலும் இருக்கு. குளிர்காற்று தானா மேலே ஏறாது. அதனால ஃப்ரீசரோட பின்பலகைக்குப் பின்னாடி இருக்கிற குளிர்க்குழாய்ல இருந்து, ஒரு ஃபேன் காற்றை எடுத்து, பின்சுவருக்குள்ள இருக்கிற ஒரு பாதை வழியா மேலே தள்ளுது. நடுவுல டேம்பர்னு ஒரு குட்டிக் கதவு. மேல் பகுதிக்குக் குளிர் வேணும்னா திறக்கும், போதும்னா மூடும். பின்சுவர்ல வரிசையா தெரியுற அந்தச் சின்ன ஓட்டைகள் வழியாத்தான் அந்தக் காற்று வெளியே வரும்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்த ஓட்டையில இருந்து வர்ற காற்று ஃப்ரீசர் காற்று. உறைநிலைக்கு ரொம்பக் கீழே இருக்கும். அது ஃப்ரிட்ஜ் முழுக்கச் சுத்தி, மத்த காற்றோட கலந்த பிறகுதான் 4 டிகிரி மாதிரி ஒரு அளவுக்கு வரும்.

எங்க வீட்டுல நடந்தது

இப்போ கதை புரியும் பாருங்க. பெரிய எவர்சில்வர் மாவு பாத்திரம் அந்த ஓட்டைகளை மறைச்சு நின்னுச்சு. காற்று முன்னாடி வரல. கதவுல இருந்த பால் ரெண்டே நாள்ல திரிஞ்சு போச்சு. அம்மா சொன்னாங்க, "டேய், இது சரியாவே கூல் ஆகலடா."

நான் என்ன பண்ணேன்? திருகியை 3ல இருந்து 7க்குத் திருப்பினேன். பெரிய இன்ஜினியர் வேலை பார்த்த மாதிரி ஆஃபீஸ் கிளம்பிட்டேன்.

இப்போ ஃப்ரிட்ஜ் இன்னும் அதிகமா குளிர்காற்றைத் தள்ளுது. ஆனா பாத்திரம் அப்படியே நிக்குது. அதனால பாத்திரத்துக்கும் பின்சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்து மட்டும் கிட்டத்தட்ட ஃப்ரீசரா மாறிடுச்சு. அந்தச் சந்துலதான், பேரன் கை வைக்கக் கூடாதுன்னு, அம்மா இன்சுலினைப் பத்திரமா வச்சிருந்தாங்க. ஊசி போடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பெட்டியோட வெளியே எடுத்து வைக்கிறது அவங்க பழக்கம். அதனால அது உறைஞ்சு உருகினது யாருக்கும் தெரியல.

திறக்காத இன்சுலினை 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். ஒரு தடவை உறைஞ்சுட்டா, உருகின பிறகு பார்க்கச் சாதாரணமா இருந்தாலும் அதோட வீரியத்தை நம்ப முடியாது. தூக்கிப் போட்டுட வேண்டியதுதான். நாங்க ரெண்டு பாட்டிலைப் போட்டோம். புதுசு வாங்கி, டாக்டர் சொன்ன அளவுலயே போட்டதும் சில நாள்ல சுகர் பழையபடி இறங்குச்சு. அந்த 7ஐத் திருப்பினது நான்தான்னு இன்னும் மனசு உறுத்துது.

இப்போ இன்சுலின் நடுத்தட்டுல, முன்பக்கம், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல இருக்கு. மாவு பாத்திரம் கீழ்த்தட்டுக்குப் போயிடுச்சு. எந்தச் சாமானுக்கும் பின்சுவருக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி விடணும்னு வீட்டுல சட்டம் போட்டாச்சு.

எண்ணை நம்பாதீங்க

திருகியில இருக்கிற 1, 2, 3 எல்லாம் டிகிரி கிடையாது. பெரும்பாலான மாடல்கள்ல எண் ஏற ஏற குளிர் கூடும். நம்மில் பாதிப் பேர் அதைத் தலைகீழா நினைச்சுக்கிட்டிருக்கோம்.

ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்குங்க, சில நூறு ரூபாய்தான். ஒரு டம்ளர் தண்ணியில அதைப் போட்டு, நடுத்தட்டுல ராத்திரி முழுக்க வச்சிட்டு, காலையில கதவைத் திறந்த உடனே பாருங்க. 4 டிகிரியோ அதுக்குக் கொஞ்சம் கீழேயோ இருந்தா நல்லது. ஃப்ரீசர்ல மைனஸ் 18. திருகியை ஒரு படி மாத்தினா, ஒரு நாள் முழுசா காத்திருந்து மறுபடி பாருங்க. நான் பண்ண மாதிரி 3ல இருந்து 7க்குத் தாவாதீங்க.

"கேஸ் போச்சு சார்"

இது காசு மிச்சம் பண்ற பகுதி. மேல் பகுதி கூல் ஆகலன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டா, சில பேர் வாசல்ல நின்னுக்கிட்டே "கேஸ் போச்சு சார், ரீஃபில் பண்ணணும்"னு சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஃப்ரீசரைத் திறந்து பாருங்க.

நிறைய மாடல்கள்ல ஒரே ஒரு குளிர்க்குழாய்தான் ரெண்டு பகுதிக்கும். ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் கல்லு மாதிரி இருக்கு, மேலே மட்டும் குளிர் இல்லன்னா, கேஸ் போயிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. குளிர் இருக்கு, ஆனா மேலே வந்து சேரல. ஓட்டை மறைஞ்சிருக்கலாம், டேம்பர் மூடின நிலையில சிக்கியிருக்கலாம், ஃபேன் நின்னிருக்கலாம், இல்ல குளிர்க்குழாய் மேல பனி மண்டியிருக்கலாம். ரெண்டு பகுதிக்கும் தனித்தனிக் குழாய் இருக்கிற மாடலும் உண்டு, அங்க இந்தக் கணக்கு பொருந்தாது. உங்களுது எதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

பனி மண்டுறது எப்படின்னா, ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்லயும் பனி உருவாகத்தான் செய்யும். குழாய்க்குக் கீழே இருக்கிற ஒரு ஹீட்டர் அப்பப்போ ஓடி அதை உருக்கிடும். அந்த ஹீட்டரோ அதோட சென்சாரோ பழுதானா பனி சேர்ந்து காற்றுப் பாதையை அடைச்சிடும். சோதிக்க ஒரு வழி: எல்லாத்தையும் காலி பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, ரெண்டு கதவையும் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைங்க. மறுபடி போட்டதும் நல்லா ஓடி, கொஞ்ச நாள்ல அதே பிரச்சனை திரும்ப வந்தா, பனி உருக்குற அமைப்புலதான் கோளாறு. மெக்கானிக்கிட்ட இதை அப்படியே சொல்லுங்கண்ணு சொல்ல வேண்டியதில்ல, நீங்க சொன்னாலே அவர் நேரா அங்கதான் போவார்.

கீழ் ட்ராயருக்கு அடியில ஐஸ்

உருகின தண்ணி ஒரு சின்ன வடிகால் ஓட்டை வழியா, கம்ப்ரஸர் பக்கத்துல இருக்கிற தட்டுக்குப் போகும். கம்ப்ரஸர் சூட்டுல தானா ஆவியாகும். அந்த ஓட்டை அடைச்சா தண்ணி எங்க போகும்? கீழ் ஃப்ரீசர் மாடல்ல, ஃப்ரீசர் தரையிலயே தேங்கி, கடைசி ட்ராயருக்கு அடியில தகடு மாதிரி ஐஸ் பிடிக்கும். ட்ராயர் சரியா உள்ள போகாது, கதவு லேசா திறந்தே நிக்கும், இன்னும் பனி சேரும்.

தயவு செஞ்சு கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் எடுத்துக் குத்தாதீங்க. இப்போ வர்ற வீட்டு ஃப்ரிட்ஜ்கள்ல பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன்தான் கேஸ். ஓசோனுக்குக் கெடுதல் இல்ல, ஆனா தீப்பிடிக்கும். குழாய்ல ஓட்டை விழுந்தா ஃப்ரிட்ஜும் போச்சு, ஆபத்தும் கூட. ஆஃப் பண்ணி தானா உருக விடுங்க. துண்டு விரிச்சு வைங்க. வடிகால் தெரியுற இடத்துல இருந்தா வெதுவெதுப்பான தண்ணியை மெதுவா ஊத்துங்க.

கதவு ரப்பரும் ஐஸ் ஹவுஸும்

மெரினா எதிர்ல இப்போ விவேகானந்தர் இல்லம்னு சொல்றோமே, அதுக்கு இன்னொரு பேரு ஐஸ் ஹவுஸ். 1842ல ஃபிரெடெரிக் டியூடர்ங்கிற அமெரிக்க வியாபாரியோட ஐஸைச் சேமிச்சு வைக்கக் கட்டினது. மாசசூசெட்ஸ் பக்கம் குளங்கள்ல வெட்டின ஐஸ், மரத்தூள் சுத்தி, பல மாசம் கப்பல்ல வந்து மெட்ராஸ்ல வித்துச்சு. கம்ப்ரஸர் இல்லாத காலம். குளிரைக் காப்பாத்துனாங்க, அவ்வளவுதான்.

நம்ம ஃப்ரிட்ஜ்ல அந்த மரத்தூள் வேலையில பாதியைச் செய்யுறது கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்குல வச்சு மூடி இழுங்க. சுலபமா உருவி வந்தா அந்த இடத்துல ரப்பர் பிடிக்கல. முதல்ல வெந்நீர், சோப்புல துடைச்சுப் பாருங்க, பல நேரம் வெறும் பிசுக்குதான். கிழிஞ்சிருந்தா மாத்திடுங்க. ஃப்ரிட்ஜோட முன்கால்களை லேசா உயர்த்தி வச்சா கதவு தானா போய்ச் சாத்திக்கும்.

கரண்ட் போனா

முதல் விதி, திறந்து திறந்து பார்க்காதீங்க. மூடியே இருந்தா மேல் பகுதி சுமார் 4 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர் நிறைஞ்சிருந்தா சுமார் 48 மணி நேரம், பாதி இருந்தா 24. அதுக்கு மேல போனா பால், மீன், கறி, சமைச்ச சாப்பாடு எதையும் மோந்து பார்த்து முடிவு பண்ணாதீங்க. நோய் கொடுக்கிற கிருமிகள் எல்லாம் வாசனை காட்டாது. அப்புறம், "இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ்"னா கரண்ட் போனாலும் ஓடும்னு அர்த்தம் இல்ல. கம்ப்ரஸரோட வேகம் தேவைக்கேத்த மாதிரி கூடிக் குறையும், அவ்வளவுதான்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஊருக்குப் போனீங்கன்னா, அப்பா அம்மாவோட ஃப்ரிட்ஜைத் திறந்து, மருந்து எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க. பின்சுவரை ஒட்டி இருந்தா முன்னாடி எடுத்து வைங்க. ஏற்கனவே உறைஞ்ச மாதிரி சந்தேகம் இருந்தா, பயன்படுத்தாம மருந்துக்கடையிலயோ டாக்டர்கிட்டயோ கேளுங்க. அஞ்சு நிமிஷ வேலைதான். எங்க வீட்டுல அதைச் செய்ய எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.